விதவையின் பெயரைத் தசமபாக நோட்டிலிருந்து எடுத்துவிடுங்கள்

எங்கள் வட்டாரத்துச் சபைகளின் போதகர்களுக்கு ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான போதக ஐயாமாருக்கு,

ஸ்தோத்திரம். வருமானத்தில் பத்தில் ஒன்றைச் சபைக்குக் கொடுக்கிற தசமபாகத்துக்கு எங்கள் சபையில் ஒரு நோட்டு உண்டு; பதினொரு வருடங்களாக அதை எழுதிவருகிறவன் நான். ஞாயிறு ஆராதனை முடிந்து, பாய்களைச் சுருட்டி வைத்து, மின்விசிறிகளை நிறுத்திய பிறகு, பக்கத்து அறையில் நானும் இன்னொரு சகோதரரும் உட்கார்ந்து கவர்களைப் பிரிப்போம். குடும்பத்துக்கு ஓர் எண். கவரின் நெற்றியில், தசமபாகத்தைப் பண்டசாலைக்குக் கொண்டுவரச் சொல்லும் மல்கியா 3:10 வசனம் அச்சிட்டிருக்கும். அதற்குக் கீழே பெயர், மாதம், தொகை. அவர் படிப்பார், நான் எழுதுவேன். யாருக்குச் சம்பளம் உயர்ந்தது, யாருடைய மகன் துபாயிலிருந்து வேலை போய்த் திரும்பிவிட்டான், எந்த வீட்டில் அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினை நடக்கிறது, எல்லாம் கவருக்குத் தெரியும். பிரசங்க பீடத்திலிருந்து பார்த்தால் தெரியாத சபை ஒன்று அந்த அறையில் தெரியும்.

63ஆம் எண் கவர் ஓர் அக்காவுடையது. பீடி சுற்றுகிறவர். எங்கள் ஊர் தென்காசிக்கும் திருநெல்வேலிக்கும் நடுவில் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் பீடித்தட்டு இல்லாத தெருவைத் தேடித்தான் பார்க்க வேண்டும். கடையில் இலையும் தூளும் வாங்கி வந்து, வீட்டில் சுற்றி, கட்டுக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தால், கழிவு போக மிச்சத்துக்குக் கூலி. அவருடைய கவரில் பத்து ரூபாய்த் தாள்கள்தான் அதிகம் இருக்கும். பிரித்தவுடன் தூள் வாசனை வரும். (புகைப்பது பாவம் என்று வருடத்துக்கு இரண்டு முறையாவது பிரசங்கம் கேட்கிறோம். அந்தக் கவரை மட்டும் யாரும் திருப்பிக் கொடுத்ததில்லை.) ஒரு ஞாயிறு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, கழிவு என்று கடைக்காரர் பிடித்துக்கொண்ட காசுக்கும் நான் தசமபாகம் கொடுக்க வேண்டுமா?" என்று கேட்டார். கைக்கே வராத காசுக்கு எதற்கு அக்கா என்றேன். அவர் முகம் தெளியவில்லை. சம்பளக்காரர்கள் பி.எஃப். பிடிப்பதற்கு முந்தைய தொகையில்தான் பத்தில் ஒன்று கணக்குப் போட வேண்டும் என்று அதற்கு முந்தைய வாரம் பிரசங்கத்தில் சொல்லப்பட்டது. பி.எஃப். என்றால் என்னவென்றே தெரியாத ஒரு பெண் அதைத் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டு ஒரு வாரம் மனதுக்குள் கணக்குப் போட்டிருக்கிறார்.

பிறகு அவருடைய கணவருக்குச் சிறுநீரகம் பழுதானது. கவரில் தொகை பாதியானது. வீட்டுக்கு ஜெபிக்கப் போன இடத்தில், எண்ணெய் பூசுவதற்கு முன்னால், "தசமபாகம் ஒழுங்காகக் கொடுக்கிறீர்களா?" என்று அவரிடம் கேட்கப்பட்டது. கேட்டவர் கெட்டவர் அல்லர். அந்த வீட்டுத் தரையில் எத்தனையோ இரவுகள் முழங்காலில் நின்றவர். பாதிதான் வருகிறது என்று அவருக்குச் சொன்னது யார்? நோட்டு என் கையில்தானே இருந்தது. நான்தான் சொன்னேன். அன்றைக்கும் வாசற்படிக்கு அருகில்தான் நின்றுகொண்டிருந்தேன், வாயைத் திறக்கவில்லை.

நான்கு மாதத்தில் அண்ணன் இறந்துபோனார். அடக்கம் முடிந்த மறுவாரம் அக்கா என்னிடம் சொன்னார்: "நான் பாதி கொடுத்தேன், தம்பி. கர்த்தர் அவரைப் பாதியிலேயே எடுத்துக்கொண்டார்."

இந்தப் பேச்சுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல்தான் வேதத்தை மறுபடியும் எடுத்தேன். நான் வேதாகமக் கல்லூரியில் படித்தவன் அல்லன், எபிரெயம் தெரியாது, கிரேக்கம் தெரியாது. நம் எல்லார் வீட்டிலும் இருக்கும் பழைய திருப்புதல் வேதாகமம்தான். அதில் வாசித்ததைத்தான் உங்கள் முன் வைக்கிறேன், தவறென்றால் திருத்துங்கள்.

முதலில் மல்கியா. "மனுஷன் தேவனை வஞ்சிக்கலாமா?" என்ற வசனத்தை வருடத்துக்கு இருபது தடவையாவது கேட்கிறோம். அதற்கு ஓர் அதிகாரம் முன்னால், இரண்டாம் அதிகாரத்தின் முதல் வசனம், "ஆசாரியர்களே, இந்தக் கட்டளை உங்களுக்குரியது" என்று ஆரம்பிக்கிறது. இதை எந்தக் காணிக்கை வேளையிலும் நான் கேட்டதில்லை. குருடானதையும் நசல்கொண்டதையும் பலிபீடத்துக்குக் கொண்டுவருகிறீர்கள் என்று தீர்க்கதரிசி சண்டைக்கு நிற்பதும் முதலில் ஆசாரியர்களிடம்தான். மூன்றாம் அதிகாரத்துக்கு வந்தால், தசமபாகப் பேச்சுக்கு மூன்று வசனங்கள் முன்னால், கூலிக்காரனின் கூலியில் கை வைப்பவர்களுக்கும், விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குபவர்களுக்கும் எதிராகக் கர்த்தர் தாமே சாட்சி சொல்ல வருவதாக எழுதியிருக்கிறது. பண்டசாலைக்கு வருவதற்கு வழியே அந்த ஐந்தாம் வசனம்தான். நாமோ சுவரேறிக் குதித்து நேரே எட்டாம் வசனத்தில் இறங்குகிறோம்.

அந்தப் பண்டசாலை தானியம் வைக்கிற இடம். "என் ஆலயத்தில் ஆகாரம் உண்டாயிருக்கும்படி" என்றுதான் வசனம். ஏன் ஆகாரம்? ஆலய ஊழியம் செய்த லேவி கோத்திரத்தாருக்கு, அதாவது லேவியருக்கு, நிலம் இல்லை. மற்றக் கோத்திரங்களுக்கெல்லாம் பங்கு பிரித்தபோது அவர்களுக்கு வயல் கொடுக்கப்படவில்லை. அதற்குப் பதிலாகத் தசமபாகம் என்று எண்ணாகமம் 18 சொல்கிறது. வாங்குகிற லேவியனும் அதில் பத்தில் ஒன்றை ஆசாரியனுக்குக் கொடுக்க வேண்டும். லேவியராகமம் 27 பட்டியலிடுவது நிலத்தின் வித்து, மரத்தின் கனி, கோலின்கீழ்ப்பட்டுக் கடந்துபோகும் ஆடுமாடுகளில் ஒவ்வொரு பத்தாவது. ஒன்பது ஆடுதான் இருக்கிறது என்றால் பத்தாவது ஆடு கோலின் கீழ் வரப்போவதே இல்லை. அந்த அதிகாரத்தில் தினக்கூலி வாங்குகிறவனிடம் கேட்டதாக ஒரு வரியும் இல்லை.

ஆனால் என்னை நாற்காலியிலிருந்து எழுந்து நிற்கவைத்தது உபாகமம் 14. தயவுசெய்து 22 முதல் 29 வரை ஒரு ஞாயிற்றுக்கிழமை சபையில் சத்தமாக வாசியுங்கள். விளைச்சலின் பத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு கர்த்தர் தெரிந்துகொள்ளும் இடத்துக்குப் போ. தூரம் அதிகமென்றால் பணமாக்கிக் கையில் முடிந்துகொண்டு போ. அங்கே ஆடுமாடோ, திராட்சரசமோ, உன் மனது விரும்புகிறதை அந்தப் பணத்தில் வாங்கி நீயும் உன் வீட்டாரும் சாப்பிட்டுச் சந்தோஷமாக இருங்கள். உன் ஊரிலிருக்கும் லேவியனையும் கைவிடாதே என்கிறது மோசேயின் சட்டமாகிய நியாயப்பிரமாணம். தசமபாகம் கொடுத்தவனே அதைச் சாப்பிடுகிறான்! அடுத்து, மூன்றாம் வருடத்துத் தசமபாகம். அதை உன் ஊர் வாசலிலேயே வை; லேவியனும், பரதேசியும், திக்கற்றவனும், விதவையும் வந்து வயிறாரச் சாப்பிடட்டும். யூத அறிஞர்கள் பிற்காலத்தில் இவற்றை முதல் தசமபாகம், இரண்டாம் தசமபாகம், ஏழைகளின் தசமபாகம் என்று தனித்தனியாகவே எண்ணினார்கள்.

ஐயா, நீங்கள் கையில் பிடித்திருக்கிற சட்டத்தின்படியே பார்த்தாலும் அந்த அக்கா தசமபாகம் கொடுக்க வேண்டியவர் அல்லர், வாங்க வேண்டியவர். கணவர் கண்மூடிய நாளிலிருந்து அவருடைய பெயர் நோட்டின் எதிர்ப்பக்கத்துக்கு, செலவுப் பக்கத்துக்கு, மாறியிருக்க வேண்டும். பதினொரு வருடம் எழுதிய நோட்டில் செலவுப் பக்கத்தில் விதவை என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று தேடினேன். கிறிஸ்துமஸ் சேலை என்று வருடத்துக்கு ஒரு வரி. சவுண்ட் சிஸ்டத்துக்கும் கூரை மாற்றியதற்கும் கன்வென்ஷன் பந்தலுக்கும் பக்கம் பக்கமாக இருக்கிறது.

நீங்கள் சொல்லப்போகிற பதில்கள் எனக்குத் தெரியும். அவற்றைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். நியாயப்பிரமாணத்துக்கு முன்பே ஆபிரகாம் ஆசாரியனாகிய மெல்கிசேதேக்குக்குக் கொடுத்தாரே என்பீர்கள். கொடுத்தார், ஒரே ஒரு தடவை, போரில் மீட்டுவந்த கொள்ளைப் பொருளில். எபிரெயர் 7 அதை எடுத்துப் பேசுவது மெல்கிசேதேக்கு லேவியைவிடப் பெரியவர் என்று காட்டுவதற்கு. மாதாமாதம் கவர் போடச் சொல்வதற்கு அல்ல. விருத்தசேதனமும் நியாயப்பிரமாணத்துக்கு முன்பே ஆபிரகாமுக்குக் கொடுக்கப்பட்டதுதான். அதை நாம் கேட்பதில்லையே? புறஜாதியாரிலிருந்து வந்தவர்கள்மேல் எதைச் சுமத்துவது என்று அப்போஸ்தலர் 15இல் எருசலேமில் கூடிப் பேசி, நான்கே காரியங்களை எழுதி அனுப்பினார்கள். அந்த நான்கில் தசமபாகம் இல்லை.

மத்தேயு 23:23 கொஞ்சம் கனமான வசனம், ஒப்புக்கொள்கிறேன். ஒற்தலாமிலும் (புதினா) வெந்தயத்திலும் சீரகத்திலும் தசமபாகம் செலுத்தியவர்களிடம், "அவைகளையும் விடாதிருக்கவேண்டும்" என்று ஆண்டவர் சொன்னார். ஆலயம் நின்றுகொண்டிருந்தது, பலிபீடத்தில் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது, கேட்டுக்கொண்டிருந்தவர்கள் நியாயப்பிரமாணத்துக்கு உட்பட்ட பரிசேயர்கள். கி.பி. 70இல் ரோமர்கள் அந்த ஆலயத்தை இடித்தபின் லேவியரின் ஊழியமும் நின்றது. அதே வசனத்தில் நீதி, இரக்கம், விசுவாசம் ஆகியவை "விசேஷித்தவைகள்" என்று இருக்கிறது. சீரகத்தை எண்ணுவதற்கு எங்களிடம் நோட்டு இருக்கிறது. இரக்கத்துக்கு ஒரு நோட்டு போட்டோமா?

இரண்டு காசு போட்ட ஏழை விதவையைப் பற்றிச் சொல்லாமல் எந்தக் கட்டட நிதியும் முடிவதில்லை. மாற்கு 12ஐக் கொஞ்சம் மேலேயிருந்து வாசியுங்கள். அவள் காணிக்கைப் பெட்டிக்கு வருவதற்குச் சற்று முன்னால்தான், "விதவைகளின் வீடுகளைப் பட்சித்து" நீண்ட ஜெபம் பண்ணுகிறவர்களைப் பற்றி ஆண்டவர் எச்சரிக்கிறார். அடுத்த அதிகாரத்தின் தொடக்கத்தில், இந்தக் கட்டடம் கல்லின்மேல் கல் இராமல் இடிக்கப்படும் என்கிறார். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறாள் அவள். அவளுடைய விசுவாசத்தை மெச்சியவர், அவளைப் பார்த்து மற்ற விதவைகளிடம் வசூலியுங்கள் என்று சீஷர்களிடம் சொல்லவில்லை. நியாயப்பிரமாணமே ஏழைக்குத் தனி அளவு வைத்திருந்தது. ஆட்டுக்குட்டிக்கு வசதியில்லாதவள் இரண்டு புறாக்குஞ்சுகளைக் கொண்டுவரலாம் என்று லேவியராகமம் 12 சொல்கிறது. குழந்தை இயேசுவைத் தூக்கிக்கொண்டு ஆலயத்துக்குப் போன மரியாளும் யோசேப்பும் அந்த ஏழைக் காணிக்கைக்குத்தான் போனார்கள். அவர்கள் நம் சபை வரிசையில் நின்றிருந்தால் நான் என்ன எழுதியிருப்பேன்? "பாக்கி" என்று எழுதியிருப்பேன்.

பவுல் பணம் கேட்கக் கூச்சப்பட்டவர் அல்லர். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் இரண்டு முழு அதிகாரங்கள் அதற்குத்தான். பத்தில் ஒன்று என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் அவருடைய வேலை எளிதாக முடிந்திருக்கும். அவர் எழுதியது, "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே." ஒருவருக்கு மிஞ்சியது இன்னொருவருடைய குறைவை நிரப்பி, சமநிலை வர வேண்டும் என்பது அவர் சொன்ன கணக்கு. இந்தக் கணக்கில் பார்த்தால் மாதம் இரண்டு லட்சம் வாங்கும் எங்கள் சபை இன்ஜினியருக்குப் பத்து சதவீதம் மிகவும் மலிவு. இதை நீங்கள் பிரசங்கித்தால் அவர் முகம் சுளிப்பார் என்பதும் எனக்குத் தெரியும்.

சரித்திரத்தை நீட்டவில்லை. ஆதித் திருச்சபை எழுத்தாளர்களில், இரண்டாம் நூற்றாண்டில் ஜஸ்டின் எழுதியதிலும், அவருக்குப் பின் தெர்த்துல்லியன் எழுதியதிலும், விரும்பியவர் விரும்பியதைப் போட்டார்கள். பணம் அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் சிறையில் இருந்தவர்களுக்கும் போனது. பணம் கேட்கிற அப்போஸ்தலன் கள்ளத் தீர்க்கதரிசி என்று திதாக்கே என்னும் ஆதித் திருச்சபைக் கையேடு பட்டென்று சொல்கிறது. தசமபாகம் கொடுக்காதவனைச் சபையை விட்டு விலக்கலாம் என்றது 585இல் பிரான்சில் கூடிய மாகோன் ஆயர் மன்றம். 779இல் பிராங்கிய அரசர் சார்லமேன் அதை அரசச் சட்டமாக்கினார். இங்கிலாந்தில் வைக்கோலுக்கும் ஆட்டுக்குட்டிக்கும் முட்டைக்கும்கூட வசூலித்து, மறுத்த குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவினரைச் சிறையில் போட்டு, 1836இல் பணமாக மாற்றி, கடைசியில் 1936இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். இன்றைய கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டமும், திருச்சபையின் தேவைகளுக்கு உதவுவது கடமை என்பதோடு நிறுத்திக்கொள்கிறது, சதவீதம் சொல்வதில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் தாத்தா பாட்டிமார் எப்படிக் கொடுத்தார்கள்? உங்களில் பலரைப் போலவே நானும் பழைய மிஷன் சபையில் ஞானஸ்நானம் பெற்று, பிறகு இந்தப் பக்கம் வந்தவன். அங்கே சங்கக் காணிக்கை என்று சிறு தொகை. அது போக, என் பாட்டி உலையில் அரிசி போடுவதற்கு முன் ஒரு பிடி அள்ளித் தனிப் பானையில் போடுவாள். அந்தப் பிடியரிசி ஞாயிறன்று கோயிலுக்குப் போகும். அரிசி இல்லாத நாளில் பிடியும் இல்லை. அவளிடம் யாரும் பாக்கி கேட்டதில்லை. பனையேறிகள் கருப்பட்டி கொண்டுவந்தார்கள். ஸ்தோத்திரப் பண்டிகைக்குப் பூசணிக்காய், வாழைத்தார், முட்டை, சேவல் என்று வந்து குவியும். ஏலத்தில் ஒரு முட்டை நூறு ரூபாய்க்குப் போகும், சபையே சிரிக்கும். 1903இல் பாளையங்கோட்டையில் அசரியாவும் நண்பர்களும் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கி, தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் வரை ஆள் அனுப்பியது இப்படிப்பட்ட சபைகளின் காசில்தான்.

பிறகு அசனம். பெரிய வட்டைகளில் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் கொதிக்க, வரிசையாக உட்கார்ந்து, பண்ணையாரும் அவர் வயலில் களை எடுக்கிறவளும் ஒரே குழம்பை வாங்கிச் சாப்பிடுவோம். அது வெறும் திருவிழாச் சாப்பாடு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். உபாகமம் 14ஐ வாசித்தபோதுதான் புரிந்தது, மோசே சொன்ன தசமபாகத்துக்கு நம் ஊரில் மிக அருகில் வந்தது அந்த அசனப் பந்திதான். அதைச் சடங்கு என்று கேலி செய்துவிட்டு வந்த நாம், கவரை மட்டும் வேதவசனம் என்கிறோம்.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். சுவிசேஷத்தை அறிவிக்கிறவர்களுக்குச் சுவிசேஷத்தாலே பிழைப்பு உண்டாக வேண்டும் என்பது ஆண்டவரின் கட்டளை. உங்களில் எத்தனை பேர் தகரக் கொட்டகையில் குடியிருக்கிறீர்கள், பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட மோட்டார் சைக்கிளை அடகு வைத்தீர்கள் என்பது நோட்டு எழுதுகிறவனுக்குத் தெரியாதா? உங்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது, பென்ஷன் கிடையாது. கவர் வந்தால் அரிசி, இல்லையென்றால் உபவாசம். அந்தப் பயத்தில்தான் மல்கியாவின் சாபம் வாயில் வருகிறது என்று நினைக்கிறேன். அதற்குச் சபை வெட்கப்பட வேண்டும். போதகருக்கு இவ்வளவு வேண்டும், வாடகைக்கு இவ்வளவு, கரண்டுக்கு இவ்வளவு என்று வெளிப்படையாகச் சபையில் வைத்துக் கேளுங்கள். வரவுசெலவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். எங்கள் ஜனம் கொடுக்கிற ஜனம். பயமுறுத்தாமல் கேட்டால் கூடவே கொடுப்பார்கள்.

நானும் பத்தில் ஒன்று கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்; இந்த மாதமும் கொடுத்தேன். என் அம்மா பழக்கிய பழக்கம், விடப்போவதில்லை. வசதியுள்ளவன் எங்கேயாவது ஓர் இடத்தில் ஆரம்பிக்க வேண்டுமே, அதற்குப் பத்து நல்ல எண். அதைக் கடன் என்றும், கட்டாவிட்டால் வியாதி வரும், வண்டி பழுதாகும், பிள்ளைக்கு வரன் தள்ளிப்போகும் என்றும் சொல்லாதீர்கள் என்பதுதான் என் மன்றாட்டு. "பட்சித்துப்போடுகிறவைகள்" என்று மல்கியா சொன்னது வயலை அழிக்கிற பூச்சியை. அதைச் சிறுநீரகத்துக்கும் இழுத்துப் பொருத்தியதில் ஒரு பெண் தன் புருஷனைத் தானே கொன்றுவிட்டதாக நம்பிக்கொண்டிருக்கிறாள்.

ஜெப வீடுகளில் காணிக்கையைப் பற்றிக் கேட்பதையும் நிறுத்துங்கள். கவர்களிலிருந்து எண்ணையும் பெயரையும் எடுத்துவிடலாம். யார் எவ்வளவு என்று எனக்கோ உங்களுக்கோ தெரிய வேண்டியதில்லை. ஆதிச் சபையிலும் ஒரு நோட்டு இருந்தது என்பதைத் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் பார்த்தேன். அதில் விதவைகளின் பெயர்களை எழுதிவைத்தார்கள், சபை அவர்களை விசாரிப்பதற்காக. ஸ்தேவான் முதலிய ஏழு பேரைத் தெரிந்துகொண்டதும் விதவைகளுக்கு அன்றாடச் சாப்பாடு ஒழுங்காகப் போகவில்லை என்ற முறுமுறுப்பினால்தான். அப்படிப்பட்ட நோட்டு ஒன்றை எழுதச் சொன்னால், இன்னொரு பதினொரு வருடம் எழுத நான் தயார்.

பழைய நோட்டை ஆண்டுக் கூட்டத்தில் ஒப்படைக்கிறேன். 63ஆம் பக்கத்தில் கடைசியாக நான் எழுதியது பிப்ரவரி மாதம், நூற்று இருபது ரூபாய். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வெறுமையாக இருக்கிறது. அக்கா ஆராதனைக்கு வருவதில்லை. கவர் இல்லாமல் வர வெட்கமாக இருக்கிறதாம். நான் வீட்டுக்குப் போனால் பீடித்தட்டை ஓரமாக வைத்துவிட்டு, "பாக்கி எவ்வளவு ஆகியிருக்கிறது, தம்பி?" என்று கேட்கிறார். பாக்கி ஒன்றும் இல்லை என்று நான் எத்தனை முறை சொன்னாலும் நம்பமாட்டேன் என்கிறார். பாஸ்டர் சொன்னால் நம்புவார். உங்களில் யாராவது ஒருவர் போக வேண்டும். சனிக்கிழமை போகாதீர்கள், கடையில் கணக்கு முடிக்கப் போயிருப்பார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில்தான் இருப்பார்.

கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரன்,
நோட்டு எழுதுகிறவன்